பின்கதவுச் சாவி

மார்ச் 3, செவ்வாய்
தையல் யூனிட்டின் பின்கதவுக்கு இன்று சங்கிலி போட்டுவிட்டார்கள். துணி திருடு போகிறதாம். சாவி என் கழுத்தில். சூப்பர்வைசர் என்றால் சும்மாவா! இஸ்திரி மேஜைகள் எல்லாம் முன்வாசலை ஒட்டி இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் நாற்பது பெண்களும் எந்த வழியாக ஓடுவது? நாளை முதலாளியிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 4
கேட்டேன். அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கலல்ல? இந்த ஊர்ல எனக்குத் தெரியாத கம்பெனி கிடையாது. பாத்து நடந்துக்கங்க."

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவர் கேட்டார்: "தீப்பிடிச்சா என்ன பண்றதாம்?" முதலாளி பேசியதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். தீயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியானால் நான் எதைச் சரி என்றேன்?

மார்ச் 6
தூக்கமில்லை. எங்கேயோ கருகுகிற வாடை. அடுப்பை இரண்டு முறை எழுந்து பார்த்தாயிற்று.

மார்ச் 9
காலர் தைக்கும் பெண் ஒருத்தி, ஓயாத வாய், எங்களுக்கு அவள் 'ரேடியோ'. எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அக்கா, தீப்பிடிக்கிற நேரத்துல சாவியோட நீங்க எங்க இருப்பீங்க?"

எனக்குச் சுரீரென்றது. "இன்னொரு தடவை வாயத் திறந்தே, நாளைலேர்ந்து நீ வர வேணாம்!"

"சரிக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளியிடம் நான் சொன்ன அதே சரி. ஐயோ, நானா பேசினேன்? அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, அதனால்தானே கத்தினேன். அப்போ... அவருகிட்டயும் இல்லையா?

மார்ச் 10
சங்கிலியைக் கழற்றி, பூட்டு சாவியோடு முதலாளியின் மேஜையில் வைத்தேன். "தீப்பிடிச்சா என்ன பண்றது சார்?"

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். நான் கேட்டது அது இல்ல."

மார்ச் 11
வேலை போயிடுச்சு. பயமா இருக்கு.

மார்ச் 17
ரேடியோ வீட்டுக்கு வந்தாள். பின்கதவுக்குப் பழையபடி சங்கிலியாம். சாவி இப்போது அவளிடம். எனக்கு என்ன ஆனது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி முதலாளி சொன்னாராம்.

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பூட்டலக்கா. சும்மா மாட்டி வச்சிருக்கேன். பாத்தா பூட்டின மாதிரியே இருக்கும்."

"அவர் கண்டுபிடிச்சிட்டா?"

"பயமாத்தான் இருக்கு."

நாற்பது பேருக்கும் தெரியுமாம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லையாம்.