அண்ணன் தம்பிக்கு நடுவில் நான்

அன்புள்ள அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அக்கா உங்கள் காக்கிக் காற்சட்டையை எடுத்து நீட்டினாள். "நீயாவது போடு" என்றாள். என் வயிறு சம்மதிக்கவில்லை. அது பட்டாளத்தில் தைத்த இடுப்பு; என்னுடையது கந்தோரில் கோப்புப் பார்த்த கதிரையில் வளர்ந்தது. மடிக்கப்போனபோது மண்ணெண்ணெய் மணந்தது. எத்தனை தோய்த்தும் போகாத மணம். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எழும்பவே அலுப்பாக இருக்கிறது, அத்தான். இந்த வயதில் ஆட்களை வழியனுப்புவதே வேலையாகப் போயிற்று.

ஐம்பத்தாறாம் ஆண்டில் பட்டாளத்தை விட்டு அச்சுவேலிக்கு வந்தீர்கள். தோட்டக்காரன் மகன் தோட்டத்துக்கே திரும்பிவிட்டான் என்று ஊர் நினைத்தது. அதற்குத் தண்ணீர் வேண்டுமே. உங்கள் தகப்பனார் விட்டுப்போன பங்குக் கிணற்றில் ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் முறையையும் உங்கள் அண்ணன் பெரியத்தானே இறைத்துப் பழகிவிட்டார். உங்கள் முறையைத் திருப்பிக் கேட்டீர்கள்.

"துவக்குப் பிடிச்ச கைக்கு என்னத்துக்கடா தண்ணி முறை?" என்றார் பெரியத்தான்.

அன்றோடு உங்கள் இருவருக்கும் கதை பேச்சு நின்றது. நீங்கள் வழக்குக்குப் போகவில்லை. தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின்களைத் திருத்தப் போனீர்கள். பட்டாளத்தில் பழகிய வேலை, சாகும்வரை அதுதான் சோறு போட்டது. கழற்றிய நட்டுகளைச் சாக்கில் அணிவகுக்க வைத்து, முன்னால் நின்று மீசையைத் தடவுவீர்கள். அவை உங்களுக்குச் சலாம் போடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பிறகு பெரியத்தானும் ஒரு மெசின் வாங்கினார். வெங்காயம் பாதி வளர்த்தியில் நிற்கையில் அது படுத்துவிட்டது. அவர் உங்களைக் கூப்பிடமாட்டார். நீங்கள் கூப்பிடாமல் போகமாட்டீர்கள். ஆகவே நடுவில் தூதுக்கு நான்.

"மச்சான், உந்த மனிசன் எஞ்சினுக்கு ஒயில் விட்டவரோ எண்டு கேள்" என்றீர்கள்.

உங்கள் இருவருக்கும் இடையில் இரண்டு முழத் தூரம். பெரியத்தானின் காதிலும் பழுதில்லை. ஆனாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விட்டனான் எண்டு சொல்லு."

"விட்டவராம், அத்தான்."

"எப்பவாம்?"

"அவர் பட்டாளத்திலை படுத்துக் கிடக்கேக்கை எண்டு சொல்லு!"

அதையும் கொஞ்சம் உறைப்புச் சேர்த்தே சொன்னேன். என் வாய் சும்மா இருக்காதே. உங்கள் மீசை ஒருதரம் துடித்தது. கோபமா சிரிப்பா, இன்றுவரை தெரியாது.

மெசின் ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலில் நான் சொல்வது எவருக்கும் எட்டவில்லை. பொறுமை கெட்ட பெரியத்தான் நேரே உங்களைப் பார்த்து, "பெல்ட் இறுக்கம் காணுமோடா?" என்று கத்தினார்.

"காணும் அண்ணை!" என்று நீங்களும் கத்தினீர்கள்.

மெசினை நிறுத்தியதும் இரண்டு பேரும் என்னை முறைத்தீர்கள், நான்தான் ஏதோ குழப்படி செய்ததுபோல.

அதன்பிறகு அந்த மெசின் அடிக்கடி வருத்தம் வந்து படுத்தது. அவர் ஆள் அனுப்புவார், நீங்கள் சைக்கிளை எடுப்பீர்கள். ஓடவிட்டுக்கொண்டு மழை, வெங்காயம், பிள்ளைகளின் கலியாணம் எல்லாம் கத்திக் கத்திக் கதைப்பீர்கள். நிறுத்தினால் மௌனம். கிணற்று முறையைப் பற்றி மட்டும் எந்தச் சத்தத்திலும் பேச்சு வரவில்லை. இரண்டு தலையும் நரைத்தும் வரவில்லை.

"கேளுங்கோவன் அத்தான்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அதை அண்ணை தானாச் சொல்லவேணும், மச்சான்." களைத்துப்போன குரல்.

செத்தவீட்டன்று பெரியத்தான் வந்து படலையடியிலேயே நின்றார். பறை உரத்து அடிக்கத் தொடங்கிய பிறகே உள்ளே வந்தார். குனிந்து, உங்கள் காதடியில் நெடுநேரம் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பறை ஓய்ந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உங்களிடம் சொல்லச் சொல்லி ஒன்றும் தரவில்லை. போய்விட்டார்.

அந்த உதட்டசைவைத்தான் காவிக்கொண்டு திரிகிறேன். அக்கா விடுகிறாளில்லை.

"என்னடா சொன்னவர்? முறை தாறன் எண்டவரோ?"

ஒரு சொல்லோடு ஒன்பது சேர்த்துச் சொல்லியே ஊரில் பேர் எடுத்தவன் நான். ஓம் என்றால் அவளுக்கு எவ்வளவு ஆறுதல்! இந்தமுறை வாய் வரவில்லை.

"பறைச் சத்தத்திலை கேக்கேல்லை, அக்கா" என்றுதான் சொல்கிறேன்.