பெரியதோப்பு ஏரியின் பதினாறு கெண்டைகள்

ஏப்ரல் 14, 2025, திங்கள்

முப்பத்து நான்கு ஆண்டு யோசனைக்குப் பிறகு, இன்று காலை பத்தே முக்காலுக்கு, தூண்டில்முள் ஒன்றை விற்காமல் நானே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அப்போது கடையில் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. ஒன்றாம் எண் முள், கடலுக்கானது, பெரிய ரகம். காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ராயபுரத்தில் கயிறு, வலைநூல், தூண்டில் மொத்த வியாபாரம் செய்கிற வேதமாணிக்கம், அதாவது நான், இதுவரை ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை என்பதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. மூலக்கொத்தளத்தில் சவப்பெட்டி விற்பவரிடம் யாரும் முன்அனுபவம் கேட்பதில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நேற்று திருவொற்றியூரில் எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டம். பெரியதோப்பு ஏரி சேறாகக் கலங்கிவிட்டதாம். அக்கரையில் இருப்பவர்கள் துணி துவைப்பதாலும் மீன் அரிப்பதாலும் கலங்கியதாம். ஆகவே கல்தூண் நட்டு, முள்கம்பி வேலி போட்டு, அக்கரைப் பாதையை அடைக்க வேண்டும். தலைவர் எபினேசர் இதைப் பிரசங்கக் குரலில் வாசித்தார். ஜூன் 29 பொதுக்குழுவில் இறுதி ஒப்புதல்.

“அக்கரையில் இருப்பவர்கள்” என்றால் பூவம்மா ஒருத்திதான். விராலும் பொடிமீனும் பிடித்து, அல்லி பறித்து விற்று, தன்னையும் படுக்கையில் கிடக்கும் புருஷனையும் காப்பாற்றுகிறவள். பாதை போனால் ஏரி போனது.

ஏரி கலங்கியதற்குக் காரணம் அவள் இல்லை. நான். ஐந்து ஆண்டுகளுக்கு முன், சங்கச் செயலாளராக இருந்தபோது, கொசுவை ஒழிக்கிறேன் என்று நாற்பது சாதாக் கெண்டைக் குஞ்சுகளை வாளியோடு ஏரியில் கவிழ்த்தேன். வெளிநாட்டு இனம். கொசுவை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித் தின்கிறது, அல்லிக் கிழங்கைப் பிடுங்குகிறது, கலங்கிய தண்ணீரில் விராலுக்கு இரை தெரிவதில்லை. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். கவிழ்த்தபோது எடுத்த படம் சங்க அலுவலகத்தில் தொங்குகிறது. அதில் சிரிக்கிறேன்.

கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். தேநீர் வந்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முகத்துவாரக்குப்பம் மாரியப்பன், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன், இருபது ஆண்டு வாடிக்கை, கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்தான். தண்ணீர் தெளிய ஏரிக் கெண்டைகளை நானே பிடித்துவிடப் போகும் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏரிலயா? இன்னா அண்ணாச்சி, ஏரில கீறதுலாம் ஒரு மீனா?”

“எட்டு கிலோ, பத்து கிலோ இருக்குப்பா.”

“பத்து கிலோ இருந்தா? எருமை கூடத்தான் தண்ணில கீது.”

ஆனாலும் வருகிறான். வீட்டில் இருந்தால் அவன் மனைவி மங்கம்மா வெங்காயம் உரிக்கச் சொல்கிறாளாம்.

ஏப்ரல் 19, சனி

முதல் நாள். இரண்டு பேர், ஒன்றாம் எண் முள், இறால் இரை. மாரியப்பன் நூலை வீசிவிட்டுக் கரையில் ஒரு குச்சியை நட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டான்:

“இன்னா அண்ணாச்சி, தண்ணி ஏறவே மாட்டுது? ஏத்தம் வந்தாத்தான மீனு மேயும்.”

நான்கு ஏக்கர் ஏரிக்குக் கடல்போல ஏற்றமும் வற்றமும் கிடையாது என்பதை நாற்பது ஆண்டு கடலில் போனவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லவில்லை. எனக்கும் நூறு சதவீதம் உறுதி இல்லை.

அக்கரையிலிருந்து பூவம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன்: இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஏரிக்குப் போகவில்லை. ஏரியை நினைத்தேன்.

ஏப்ரல் 26, சனி

தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுக்குழுவில் எபினேசரின் குரல்தான் ஆதாரம். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் கல்லைக் கட்டி, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கினேன். ஒரு சாணில் தட்டு மறைந்துவிட்டது. இனி வாரம் ஒருமுறை.

மீன் இல்லை. முள்ளை இன்னும் பெரிதாக்கினோம். பெரிய மீனுக்குப் பெரிய முள் என்பது என் கடையின் சட்டம். அப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கு அந்த ஆலோசனையை இலவசமாக வழங்கியிருக்கிறேன்.

வீட்டில் என் மனைவி செல்லக்கனி கதவைத் திறந்தாள். “பிடிச்சீயளா?”

“இல்லை.”

“கடையில வாங்குதவன்லாம் முள்ளு நல்லால்லன்னு ஏன் சொல்லுதாம்னு இப்பவாச்சும் தெரியுதா?”

மே 1, வியாழன்

பூவம்மா சுற்றிக்கொண்டு இக்கரைக்கே வந்துவிட்டாள். இடுப்பில் கை.

“ரெண்டு வாரமா பாக்குறேன். இன்னாத்தப் புடிக்கிறீங்க, சொறாவையா?”

மாரியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் என் முள்ளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இத்தினி பெரிய முள்ள அது எதுக்கு முழுங்கும்? அதுக்கு வாயி சின்னது அண்ணாச்சி. பொக்கவாய்க் கெழவி வெத்தல மெல்ற மாரி உறிஞ்சிப் பாக்கும். சரியில்லன்னா துப்பிரும். கடலப் புண்ணாக்கும் மைதாவும் பெசஞ்சி உருட்டு. முள்ளு கண்ணுக்கே தெரியக்கூடாது.”

எத்தனை இருக்கும் என்று கேட்டேன். சேறு புகைவதை வைத்து அவள் எண்ணியிருக்கிறாள். பெரிசு பதினாறு. தண்ணீர் தெளிந்தால் குஞ்சை விரால் தின்றுவிடும். பெரிசைப் பிடிக்க அவளாலும் முடியவில்லை: அடியெல்லாம் கருவேலங்கட்டை, வலையும் இரண்டு தடவை கிழிந்துவிட்டது.

அப்போதுதான், இந்தக் கெண்டையை யார் விட்டது தெரியுமா என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“தெரியும். நீங்க வாளிய கவுத்தப்போ நானு அந்தாண்ட கரைல தான் நின்னுகினு இருந்தேன். சிரிச்சிக்கினே போட்டா புடிச்சீங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அஞ்சு வருஷமாத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்கல. வழியில பார்த்தா வணக்கம் சொல்லுவா— நானா இருந்தா விட்டிருப்பனா? ஊரைக் கூட்டியிருப்பேன். கடிதம் எழுதியிருப்பேன், நகல் நாலு பேருக்கு. நான் என்ன செஞ்சேன்? தேநீர் குடிச்சேன்.

பதினாறு. ஜூன் 29க்குள் பதினாறு.

மே 2, வெள்ளி

கடையின் மேல்தட்டில் எட்டாம் எண் முள் ஒரு பெட்டி இருக்கிறது. எண் கூடினால் முள் சிறுக்கும். 1998இல் நான் தவறாக எழுதி அனுப்பியதால் வந்து சேர்ந்தது. கடல்காரர் யாரும் வாங்கவில்லை. மாரியப்பன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“அண்ணாச்சி, இத மங்கம்மா மூக்குல மாட்லாம்.”

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மே 4, ஞாயிறு

ஒன்று.

கோயிலில் ஆராதனை முடிந்து நேராகப் போனோம். புண்ணாக்கு உருண்டை, எட்டாம் எண். அரைமணி நேரத்தில் நூல் பக்கவாட்டில் நகர்ந்தது, யாரோ மரியாதையாக வழி கேட்டுப் போவதுபோல. பிறகு மரியாதை போய்விட்டது. என் கையிலிருந்த நூலை மாரியப்பனும் பிடித்தான். இருபது நிமிடம். கருவேலங்கட்டைப் பக்கம் அது ஓடும்போதெல்லாம் அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நின்றான். கரையில் போட்டபோது பித்தளைத் தாம்பாளம் போல மின்னியது. ஒன்பது கிலோ. வாயோரம் நான்கு மீசை. யாரிடமும் எந்த வருத்தமும் இல்லாத முகம்.

மாரியப்பன் மூச்சு வாங்கினான். “இழுக்குதுபா,” என்றான். ஏரிமீனைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

செல்லக்கனி ஒரு துண்டைக் குழம்பு வைத்தாள். வாயில் வைத்துவிட்டு, “எம்புட்டுப் புளி ஊத்துனாலும் இது ஏரியாத்தான் இருக்கு,” என்றாள்.

மே 5, திங்கள்

மீதியை விற்றுத் தர மங்கம்மாவைக் கேட்டான் மாரியப்பன். “என் கூடையில வஞ்சிரம் பக்கத்துல இத்த வச்சா, வஞ்சிரத்துக்கே கெட்ட பேரு,” என்று சொல்லிவிட்டாளாம். பூவம்மா மணலிக்குத் தூக்கிப் போனாள். கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் வங்காளத்துப் பையன்கள் பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டார்கள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்களாம். பதினைந்து இருக்கிறது.

மே 11, ஞாயிறு

மூன்று. மொத்தம் நான்கு.

மே 18, ஞாயிறு

நேற்று இரண்டு, இன்று இரண்டு. மொத்தம் எட்டு. தட்டு: ஒன்றரைச் சாண். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். ஒன்றரைதான்.

மே 25, ஞாயிறு

ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டுவிட்டன. உருண்டையைச் சுற்றி வந்து, முள் இல்லாத பக்கமாகத் தின்றுவிட்டுப் போகின்றன. இவ்வளவு விவேகம் நலச்சங்கத்தில் இருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நாளையிலிருந்து முள்ளில்லாமல் தீனி போடப் போகிறேன். பழகட்டும்.

மே 31, சனி

தீனி வேலை செய்தது. இந்த வாரம் மூன்று. மொத்தம் பதினொன்று.

ஏரிக்கரையில் லாரி வந்து இருபத்தாறு கல்தூண்களை இறக்கிவிட்டுப் போனது. எபினேசர் மேற்பார்வை.

“பொதுக்குழு இன்னும் கூடலையே,” என்றேன்.

“முன்னேற்பாடுண்ணன். எப்படியும் நிறைவேறிடும்.”

“அதுக்குள்ள தண்ணி தெளிஞ்சிட்டா?”

“தெளிஞ்சா வேலியே வேணாம். நானே எழுந்து சொல்றேன். அந்தப் பொம்பள இருக்கிறவரைக்கும் தெளியாது.”

தேதி போட்டு இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பூவம்மா தூண்களைச் சுற்றி வந்து பார்த்தாள். எண்ணினாள்.

ஜூன் 8, ஞாயிறு

பதினான்கு. இடது கை ஆள்காட்டி விரலை நூல் அறுத்துவிட்டது. வலது கையால் எழுதுவதால் நாட்குறிப்புக்குப் பாதிப்பில்லை.

ஜூன் 14, சனி

இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. மாரியப்பன் படகுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒருமுறை ஏரிக்கு வந்தான். பதினைந்தாவது அவன் கையில் விழுந்தது. கிளம்பும்போது:

“ஒண்ணு தான பாக்கி. நூல உடாத, அதும்பாட்டுக்கு ஓடட்டும். நீ நின்னுகினே இரு. அது களைக்கும். உனக்கும் களைக்கும். அதுக்கு மொதல்ல களைக்கட்டும்.”

போன மாதம்வரை “வாங்க போங்க” என்றவன். நான் ஆட்சேபிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இடிமழை. தட்டு: ஒரு சாண். ஆரம்பித்த இடம்.

ஜூன் 21, சனி

பதினாறு.

தனியாகப் போனேன். விரலில் துணி சுற்றியிருந்தேன். ஏழு மணிக்கு மாட்டியது. கட்டைகளுக்குள் ஓடியபோது குறுக்கே நிற்க ஆள் இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு நானே இறங்கினேன். அறுபத்தொரு வயது, சர்க்கரை, நீச்சல் தெரியாது. மார்பளவு சேறு. நின்றேன். அது ஓடியது, நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அக்கரையிலிருந்து பூவம்மா நீந்தி வந்து, அடியில் கையைக் கொடுத்துச் செவுளைப் பிடித்துக் கரையில் எறிந்தாள். பன்னிரண்டு கிலோ.

இருவரும் உட்கார்ந்திருந்தோம். “அவ்ளோ தான்,” என்றாள். “இனிமே ஏதுனா உடறதுன்னா என்னாண்ட ஒரு வார்த்த கேளுங்க.”

சரி என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

தட்டு: மூன்று சாண்.

ஜூன் 26, வியாழன்

தட்டு: ஐந்து சாண். அதற்கு மேல் இறங்கவில்லை. தரை. தரையில் தட்டு தெரிகிறது. கருவேலங்கட்டை தெரிகிறது, ஒரு செருப்பு தெரிகிறது. பூவம்மா பக்கம் இரண்டு இடத்தில் அல்லி இலை சுருளாக மேலே வருகிறது.

அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி எபினேசரிடம் கொடுத்தேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

எபினேசர் நிர்வாகிகள் நான்கு பேரோடு வந்தார். நன்றாகவே தெளிந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு கரையோரம் குனிந்து, அது என்ன என்று கேட்டார்.

தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்தில் ஆறு அங்குலக் குழாய். இதுவரை சேறு மறைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதே அதிலிருந்து சோப்பு நுரை வந்தது. குழாய் வரும் திசையில் நடந்தோம். எங்கள் முதல் தெருவில் போய் முடிகிறது. எட்டு வீடுகள். மூன்றாவது என்னுடையது. ஐந்தாவது எபினேசருடையது.



ஜூன் 29, ஞாயிறு

போதிய உறுப்பினர்கள் வராததால் பொதுக்குழு நடைபெறவில்லை. வந்திருந்தவர்கள்: நான்.

ஜூலை 5, சனி

குழாய் வேலைக்காரரை வரவழைத்து எங்கள் வீட்டு இணைப்பைத் துண்டித்தேன். முற்றத்தில் உறிஞ்சுகுழி. செல்லக்கனி கேட்டாள், “மத்த ஏழு வீடு?”

கடிதம் எழுதியிருக்கிறேன். நகல் நாலு பேருக்கு.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகும் வழியில் ஏரிப் பக்கம் போனேன். மூன்று வீடுகள் துண்டித்திருக்கின்றன. கல்தூண்கள் இறக்கிய இடத்திலேயே கிடக்கின்றன. பூவம்மா அவற்றின் மேல் வலையைக் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் வாளியில் இரண்டு விரால்.