இரண்டாம் பாகத்தில் வந்த அம்மா

கடையிலிருந்து,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் கடையும் நலம், முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. வீட்டு முகவரியை விட்டுவிட்டு உங்கள் வேலையிடத்துக்கு எதற்குக் கூரியரில் கடிதம் என்று யோசிப்பீர்கள். பயப்படாதீர்கள், இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் உள்ளே கத்திக்கொண்டிருந்தால் முதலில் போய் அவர்களை இறக்கிவிட்டு வாருங்கள்.

முதலில் கடைச் செய்தி. உங்கள் மனைவியின் தாதா கதை இரண்டாம் பாகம் வந்து இன்றோடு ஐந்து வாரம். ஆறு பிரதி வந்தது. அன்று மதியத்துக்குள் ஆறும் வாடகைக்குப் போய்விட்டன. முதல் பாகம் செய்த வேலை அது. கடத்தல் கும்பலின் தலைவனுக்குப் பல்வலி. ஆட்களை அனுப்பி ஒரு பெண் பல் டாக்டரைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறான். மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவனை அவள், “வாயைத் திற” என்று அதட்டுகிறாள். அந்த ஒரு வரிக்காகவே எதிர்க்கடை டைலரம்மா அந்தப் புத்தகத்தை மூன்று முறை எடுத்துப் போனாள். அவன் எப்போதும் போட்டிருப்பதை வைத்து அவனுக்குக் கறுப்புக் கோட்டு என்று பெயரும் வைத்துவிட்டாள். எழுதியது என் பெண் என்று இங்கே ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அவள்தான் புனைபெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறாளே. நானும் மூச்சு விடவில்லை, ஆனால் அவர்கள் புகழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து கிடக்கும்.

எங்கள் கடைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். படித்து முடித்தவர்கள் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள். பெயர் போடக் கூடாது என்பது விதி. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

இந்த முறை முதலில் திரும்பி வந்த ஐந்து பிரதியிலும் கிழி கிழியென்று கிழித்திருந்தார்கள். “கறுப்புக் கோட்டு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான், இனி என்ன கதை வேண்டிக்கிடக்கிறது?” இது டைலரம்மா. “நூற்று நாற்பது பக்கம் ஆச்சு, ஒரு தோட்டா வெடிக்கவில்லை.” இது பஸ் கண்டக்டர். லிஃப்டில் எதிரியோடு மாட்டிக்கொண்டவன் அவனைச் சுடாமல், லிஃப்ட் ஏன் நின்றது என்று ஒன்றரைப் பக்கம் ஆராய்கிறானே என்று ஒருவர். டாக்டரம்மா புத்தகம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், அவளுக்கு என்னதான் வந்தது என்று சொல்லவே இல்லையே என்று இன்னொருவர். முதல் பாகத்தில் அவள் அனாதை, இரண்டாம் பாகத்தில் அம்மா எங்கிருந்து முளைத்தாள் என்று கணக்கு வாத்தியார். இத்தனை எதிரிகளை வைத்துக்கொண்டு வாசல் கதவைத் தாழ் போடாமல் படுக்கிறானே, இவனெல்லாம் ஒரு தாதாவா என்று அவரே அடுத்த வரியில்.

எனக்கும் ஏமாற்றம்தான். மறைக்க மாட்டேன். பெற்ற பெண் எழுதியது என்பதற்காகக் குப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட என்னால் முடியாது. போனில் பிடிக்கலாம் என்றால் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள், எழுதுகிறாள் என்று நீங்களே எடுத்தீர்கள். அதனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் எழுதினேன். ‘வாயைத் திற என்று சொன்னவளின் வாயை ஏன் கட்டினாய்? வீட்டுக்காரரிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டால் கேட்டதையெல்லாமா எழுதுவது? அனாதைக்கு அம்மா வந்துவிட்டாள், அதுகூட உன் கண்ணில் படவில்லையா? மனசு இல்லாமல் எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.’ இப்படி நான்கு பக்கம். தபாலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகக் காபி குடித்தேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்த ஒரு பக்கம். ‘நீ சொன்னதெல்லாம் சரிதான் அம்மா, அவசரத்தில் எழுதிவிட்டேன், அடுத்த பாகத்தில் திருத்திக்கொள்கிறேன்.’

மாப்பிள்ளை, நீங்கள் அவளோடு ஏழு வருஷமாகக் குடித்தனம் செய்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். அவள் என்றைக்காவது நான் சொன்னது சரி என்று சொல்லியிருக்கிறாளா? ஒன்பது வயதில் கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு, தரையை யார் இவ்வளவு கெட்டியாகக் கட்டச் சொன்னது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவள். நான்கு பக்கம் திட்டினால் எட்டுப் பக்கம் திருப்பித் திட்டுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அந்தப் பணிவான கடிதத்தைத் திருப்பித் திருப்பி நாலு தடவை படித்தேன்.

அன்று மாலையே கடைசிப் பிரதியும் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா எடுத்துப் போனது. அவள் அதிகம் எழுதுகிறவள் இல்லை. இதில் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: “கதை சுமார். ஆனால் எழுதியவர் வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார். பாவம், துணைக்கு ஆள் இல்லை போலிருக்கிறது.”

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை கதைக்காகப் படிக்கவில்லை.

என் பெண்ணுக்கு ஒரு காயத்தை ஒரே இடத்தில் வைத்திருக்கத் தெரியாது. முதல் பாகத்தில் அவன் இடது தோளில் சுடப்பட்டு, இருபது பக்கம் கழித்து வலது தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இந்தப் புத்தகத்தில் காயம் இடது கையில்தான் கடைசிவரை இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு முறை கட்டு மாறுகிறது, நாள் கிழமை தப்பாமல். இது ஒவ்வொரு லிஃப்டுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு, என்றைக்கு எண்ணெய் விட்டோம் என்று எழுதி வைக்கிற ஆளின் வேலை.

அப்புறம் அவன் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்பது. எண்ணினேன், முப்பத்தொரு இடம். அவள் இரண்டு இடத்தில்தான் ஆமாம் என்கிறாள்.

நூற்றெட்டாம் பக்கத்தில் அவளுக்குத் தலை வாரிவிடுகிறான். அவளுக்கு இடது காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடிக்கும். மேலிருந்து சீப்பை இழுத்தால் வலிக்கும், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். இந்த உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அடுத்த அத்தியாயத்தில் மாத்திரைப் பெட்டியை அவன் வீட்டில் வைப்பதே இல்லை. எங்கே போனாலும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். சவரக் கத்தியையும் சேர்த்து. ஏன் என்று எழுதவில்லை. வாசகர்கள் யாரும் கேட்கவும் இல்லை. எனக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வருகிறாள். வருகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. படுத்தபடியே அவள் அவனிடம் கேட்கிறாள்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. சத்தியம் பண்ணு.” அவனும் செய்து கொடுக்கிறான். ஊரையே நடுங்க வைத்தவன் அந்த ஒரு சத்தியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று தெருவைப் பார்க்கிறான். கடைசிப் பக்கத்தில் கதவைத் தாழ் போடாமல் சாத்திவிட்டுப் போய்ப் படுக்கிறான்.

அந்த அம்மா யார் என்று உறைக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிருக்கிறது. நீங்கள் சத்தியத்தை மீறவில்லை மாப்பிள்ளை. புத்தகமாகவே எழுதி என் கடைக்கு அனுப்பிவிட்டீர்கள். நான் அதை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆறு மாதக் கர்ப்பத்தில் குழந்தை வயிற்றிலேயே போனபோது நான் வந்து பன்னிரண்டு நாள் இருந்தேன். பதின்மூன்றாம் நாள் அவள், கடையைப் பார் அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை, எழுத வேண்டியது மலையாகக் கிடக்கிறது என்றாள். நான் கிளம்பிவிட்டேன். அப்புறம் போனில் எப்போதாவது வந்தால், “ம்” என்பாள், “சரிம்மா” என்பாள். எழுதுகிற மும்முரம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புத்தகம் வந்ததும் பெண் தேறிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அச்சாகி வந்த புத்தகத்தைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும் என்று இருந்தேன். பெற்றவளுக்குப் புரியாதது, பென்சிலால் இரண்டு வரி எழுதுகிற நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

உங்கள்மேல் கோபம் வந்தது. இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். அரை நாள் நன்றாகவே கோபமாக இருந்தேன். என் பெண்ணை என்னிடமிருந்து மறைக்க இவர் யார் என்று காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டினேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். பகலெல்லாம் லிஃப்ட் கிணற்றில் தொங்கி வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்து, பதிப்பகத்தில் கேட்ட தேதிக்குள் ஒரு தாதா கதையும் எழுதி முடித்திருக்கிறீர்கள். அவளுக்கு முடியவில்லை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், கடைக்குப் புத்தகம் அனுப்புகிறவர்கள் வழியாக அது என் காதுக்கு வந்துவிடும் என்று பயந்திருப்பீர்கள். குழந்தை போன இந்த எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் சரியாகத் தூங்கினீர்கள்? இதைக் கேட்க உங்கள் பக்கமும் பெரியவர்கள் யாரும் இல்லையே. நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உடனே தெரிய வேண்டும். நான் எழுதிய அந்த நான்கு பக்கத்தை அவள் படித்தாளா? எழுதாமலே இருக்கலாம் என்ற வரியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் எழுதியது நீங்கள் என்பதால் அவள் கண்ணில் காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள்.

மூன்றாம் பாகத்தைத் தொடாதீர்கள். நீங்கள் நல்ல மெக்கானிக், அதைவிட நல்ல புருஷன். கதாசிரியர் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிப்பகத்தில் கேட்டால், உடம்பு சரியில்லை, எப்போது வரும் என்று தெரியாது என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வாசகர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்காவிட்டால் போகட்டும். மாத்திரை பற்றி எழுதியிருப்பதால் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி. அடுத்த தடவை போகும்போது நானும் வருகிறேன்.

கடைச் சாவியை டைலரம்மாவிடம் கொடுத்தாயிற்று. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். என்ன ஏது என்று துருவாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், பதினொரு மணிக்குள் வீட்டில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அவளைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் வர வேண்டாம். வழி எனக்குத் தெரியும். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள், பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும். நான் வந்ததும் நீங்கள் உள்ளறையில் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும், எழுப்ப மாட்டேன். வழக்கமாக நான் யாரையும் கேட்டுக்கொண்டு வருகிறவள் இல்லை. இந்த முறை கேட்கிறேன். வரட்டுமா? நாளை இது கைக்கு வந்ததும் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சத்தியத்தை நினைத்துக் குழம்பாதீர்கள். நீங்கள் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். கோபித்தால் என்மேல் திருப்பிவிடுங்கள், முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் எனக்கு.

அம்மா வருகிறாள் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். எழுந்து உட்காரச் சொல்லாதீர்கள், முகம் கழுவச் சொல்லாதீர்கள், என்னோடு பேசவும் சொல்லாதீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அப்படியே படுத்திருக்கட்டும். கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் எனக்கும் இடம் வேண்டும்.

என் பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

அத்தை.