கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமைப் பூசை

இயேசு மரி சூசை துணை

செஞ்சி, புதன்கிழமை

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம், நீயும் சுகமாய் இருக்க வேண்டுகிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. 'தீர்ப்புச் சொன்ன பிறகே பிரிக்கவும்' என்று உறை மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், அப்படித்தான் பிரித்திருப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனா எடுத்தேன். சிங்கவரத்து நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக் கடலையைக் காயவைத்தாயிற்று, அந்தக் கவலை இல்லை.

கடல் தாண்டி நீ இருக்கும் ஊர்க் கோர்ட்டில் கொலைக் கேசுக்குத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஜூரிகளில் ஒருத்தியாய் உன்னை எடுத்தபோது, 'கோர்ட்ல சொல்றதத் தவிர நான் எதுவும் கேக்கக்கூடாது நைனா, நீங்களும் தேடிப் பாக்காதீங்க' என்று ரெண்டு தரம் சொன்னாய். நான் தேடவில்லை. ஆனால் அதே ஊரில் இருக்கிறாளே உன் சித்தி மகள் மோனிகா, அவள் உன் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இது இரண்டாவது விசாரணையாம். முதல் தடவை வேறு பன்னிரண்டு பேர் அந்த ஆளைக் குற்றவாளி என்றார்களாம். அவர்களில் ஒருத்தர் வீட்டில் பழைய செய்தியைப் படித்துவிட்டு வந்து மற்றவர்களிடம் சொன்னது வெளியே தெரிந்து, மேல்கோர்ட்டு தீர்ப்பையே ரத்து செய்துவிட்டதாம். உங்களுக்கு அது தெரியக்கூடாது என்றுதான் ஜட்ஜ் இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உன் அம்மா சும்மா இருப்பாளா. மகள் வாயால் ஒருத்தன் ஆயுசுக்கும் ஜெயிலுக்குப் போகப் போகிறானே என்று சோறு இறங்காமல் கிடந்தவள், எனக்குச் சொல்லாமல் சனிக்கிழமை கோயில் உபதேசியார் பிரிட்டோவிடம், பூசையில் வாசிக்கும் வேண்டுதல் கருத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள். 'கீர்த்தனா நல்ல தீர்ப்புச் சொல்லவும், ஏற்கெனவே குற்றவாளி என்று தீர்ப்பான அந்த மனிதர் மனந்திரும்பவும்.' ஞாயிறு காலை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என் காதில் போட்டாள். அந்த ஆறு மணிப் பூசையை நீ அங்கே சனிக்கிழமை சாயங்காலம் யூடியூபில் தவறாமல் பார்ப்பாயே! உள்ளே பிரிட்டோ மைக் முன்னால் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார், உன் பேரும் வந்துவிட்டது. கத்தினால் அதுவும் உனக்குக் கேட்கும். முப்பத்தோரு வருஷம் ஈ.பி.யில் வயர்மேனாய் இருந்தவனுக்கு மெயின் எங்கே என்று தெரியாதா, பக்கத்து வாசலுக்கு ஓடி இறக்கிவிட்டேன். மைக், ஃபேன், கேமரா எல்லாம் ஒன்றாய் நின்றன. அரையிருட்டில் பிரிட்டோவிடமிருந்து சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் மெயினை ஏற்றினேன். எல்லாரும் ஈ.பி.காரனைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன்.

அன்றைக்கு நீ போன் போட்டு, 'இன்னா நைனா, கோயில்ல கரண்ட் போச்சா' என்றாய். ஆமாம்மா என்றேன். எதுவரை காதில் விழுந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். யூடியூப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'ஏற்கெனவே குற்ற' என்கிற வரைக்கும் தெளிவாய்க் கேட்கிறது. அந்த அரை வார்த்தை மூணு நாளாய் என்னை அறுக்கிறது. அவன் கொன்றானா இல்லையா எனக்குத் தெரியாது. கொல்லாதவனாய் இருந்து, நம் வீட்டு வேண்டுதலால் உள்ளே போனால் நான் எந்த முகத்தோடு நற்கருணை வாங்குவேன். வக்கீல் அரங்கநாதனிடம் பேர் சொல்லாமல் கேட்டேன், இங்கே ஜூரியே கிடையாது சார், ஆனா தீர்ப்புக்கு அப்புறமா தெரிஞ்சாலும் ஜட்ஜ்கிட்ட சொல்லிடறதுதான் சரி என்றார்.

ஆகையால் கண்ணு, அந்த அரை வார்த்தை உன் காதில் விழுந்திருந்தால், தீர்ப்பு எதுவானாலும், இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்திருக்கும் சீட்டையும் ஜட்ஜிடம் கொடு. கரண்ட் போகவில்லை, என் நைனாதான் மெயினை இறக்கினார் என்று சொல். அம்மா மானம் போகுமே என்று மறைக்காதே, அவளும் படித்து அழுதுவிட்டுச் சரி என்றாள். மோனிகாவைத் திட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கத்திலேயே இருந்து காக்கட்டும்.

கோர்ட்டில் காட்ட வேண்டி வரலாம் என்பதால், ரெண்டு பேரும் முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உன் நைனா ம. சேசுராஜ்
உன் அம்மா சே. லூசி