துரைசாணியின் பழைய தோல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம்தான் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. இவர் இருந்த காலத்திலும் அப்படித்தானே. நீங்கள் இருவரும் கார்புரேட்டரைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நான் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

துரைசாணி வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கிலாந்தில் பிறந்த கார் என்று இவர் அவளுக்கு அந்தப் பெயர் வைத்ததும், நான் சக்களத்தி என்று கூப்பிட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய கட்டிலை விற்று அவளுக்கு டயர் போட்டவர் இவர். அந்தச் சண்டையில் நடுவில் புகுந்து சமாதானம் செய்தவர் நீங்கள். சமாதானம் என்றால் என்ன, அவர் பக்கம்தான் பேசினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கூட்டமாக வந்தார்கள். தலைவர் பல் டாக்டர்தான் ஓட்டி வந்தார். தெரு முனையிலேயே எனக்குச் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்வதுகூடத் தப்பு, அத்தனை மெதுவாக வந்தாள். முன்பெல்லாம் இவர் திருப்பத்தில் வரும்போதே நான் அடுப்பில் தண்ணீர் வைப்பேன், அவ்வளவு கரகரப்பு. டாக்டர் இறங்கி வந்து, “அக்கா, கண்ண மூடிக்குங்க. நான் சொல்லும்போது திறந்தா போதும்” என்றார். நான் என்ன கல்யாணப் பெண்ணா? இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், அண்ணா, என்ன சொல்ல! கறுப்புப் பெயிண்டில் என் முகம் தெரிகிறது. டேஷ்போர்டில் இருக்கிற வால்நட் மரத்தை எப்படித்தான் பாலிஷ் போட்டார்களோ, ரேகை ரேகையாக மின்னுகிறது. பின்னால் இருக்கிறவர்களுக்கென்று முன் சீட்டின் முதுகில் மடக்கிவைத்த குட்டி மேசைகள் இருக்குமே, ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், அதுவும் சரியாகிவிட்டது. கடிகாரம்கூட ஓடுகிறது. நீங்கள் அங்கிருந்து அனுப்பிய தோலில் சீட்டுகளைத் தைத்திருக்கிறார்கள். என் லாண்டரிக்கு எத்தனையோ உயர்ந்த துணி வந்து போகிறது, இவ்வளவு நேர்த்தியான தையலை நான் பார்த்ததில்லை. இதில் பொய் இல்லை.

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி நின்றார்கள் பாவம். பெரிய பெரிய மனிதர்கள், லீவு நாளெல்லாம் கையைக் கறையாக்கிக்கொண்டு உழைத்திருக்கிறார்கள். “அவர் இருந்திருந்தா தலைகால் புரியாம ஆடியிருப்பார்” என்று சொன்னேன். டாக்டர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வண்டியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது என்னிடம் இன்ஜினையும் பெயிண்டையும் பற்றித்தான் பேசினார்கள். “உள்ளயும் கொஞ்சம் பார்த்துடுறோம்க்கா” என்று டாக்டர் சொன்னபோது, தூசி தட்டப்போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். உங்கள் சங்கத்துப் பாஷையில் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எனக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

மகள் வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டாள். உங்களுக்கும் வந்திருக்கும். வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. முன்பு மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து கொஞ்ச நேரம் அதில் உட்காருவேன், வெயிலுக்கு ஷெட்தான் குளிர்ச்சி. ஓட்டுகிற சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில், என் இடத்தில். இப்போது உட்காருவதில்லை. புதுத் தோல் வழுக்குகிறது. பழகிவிடும் என்று சொல்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு உதவி கேட்க வேண்டும். பழைய தோலையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று சீட் தைத்தவரிடம் கேட்டேன். “எல்லாம் குப்பைக்குப் போயிடுச்சும்மா. ஓட்டுற சீட்டோட உறைய மட்டும் பிரிச்சு, வெளிநாட்டுல இருக்கிற சாருக்கு அனுப்பினோம், கலரும் தையல் கோடும் ஒத்துப் பார்க்க” என்றார். அப்படியானால் அது இப்போது உங்களிடம் இருக்கிறது, அண்ணா. அதை எனக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? ஒரு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வேன். கிழிந்திருக்கும், அழுக்கேறியிருக்கும், இதைப் போய் எப்படி அனுப்புவது என்று தயங்க வேண்டாம். நான் கேட்டது சங்கத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். அவர்கள் செய்ததில் எனக்கு ஏதோ குறை என்று நினைத்துவிடுவார்கள். குறை ஒன்றுமில்லை.

தூக்கிப் போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஆனால் போட்டிருக்க மாட்டீர்கள். துருப்பிடித்த திருகாணியைக்கூடப் போட மனசு வராத கூட்டம் நீங்கள்.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிரில் வெளியே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் வண்டியைத் துடைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

பதிலை எதிர்பார்க்கும்
உங்கள் தங்கை


அன்புள்ள அண்ணா,

பார்சல் வந்து சேர்ந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் பத்திரமாக வந்தது. உடனே எழுதவில்லை, மன்னியுங்கள். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

எவ்வளவு பெரிய பெட்டி! கடையில் வேலை செய்யும் பெண் பிரிக்க உதவ வந்தாள். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஷெட்டுக்குத் தூக்கிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு நானே பிரித்தேன். உள்ளே கண்ணாடி போட்ட மரச் சட்டம். அதற்குள் இவருடைய சீட் உறை, விரித்து, நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல். கீழே பித்தளைத் தகட்டில் இவர் பெயர்.

கூடவே நீங்கள் வைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். “அழுக்கேறியிருக்கும் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை தங்கச்சி. அவனுடைய சீட்டை அப்படியேவா அனுப்புவேன்?” என்று எழுதியிருந்தீர்கள். தோல் பதனிடுகிறவரிடம் கொடுத்து அழுக்கையெல்லாம் எடுத்ததையும், வெடிப்புகளை நிரப்பியதையும், மூன்று முறை மெழுகு ஊட்டியதையும், நடுவில் இழுத்துப்போயிருந்த இடத்தை ஆவி காட்டிச் சமப்படுத்தியதையும் எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி முகத்தை வைத்துப் பார்த்தேன். மெழுகு வாசனை அடித்தது. நல்ல வாசனைதான்.

அண்ணா, நான் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன். பிறகு ஷெட் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் போதவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. தப்பு என்னுடையது. வெட்கப்பட்டுக்கொண்டு பாதி விஷயத்தை எழுதினேன். மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். இதை நீங்களும் அண்ணியும் மட்டும் படியுங்கள்.

நான் லாண்டரி நடத்துகிறவள். இவர் போன அந்த வாரமே, கை சும்மா இருக்க முடியாமல், இவருடைய சட்டை, பனியன், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அடுக்கிவிட்டேன். அழுக்கைப் பார்த்தால் எடுத்துவிட வேண்டும், எனக்குத் தெரிந்த வேலை அதுதான். பிறகு ஒருநாள் அலமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு. அடுத்ததும் சோப்பு. வீடு முழுக்கத் தேடினேன். ஒரு துண்டில்கூட மனிதர் இல்லை. உங்களைப் போய் நான் எப்படிக் குறை சொல்வேன்?

கடைசியில் ஷெட்டில்தான் கிடைத்தார். காரின் கதவைத் திறந்ததும் அப்படியே இருந்தார். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பெட்ரோல், எப்போதும் வாயில் அடக்கிக்கொள்கிற இருமல் மிட்டாய், எல்லாம் அந்தப் பழைய தோலில் ஊறிப்போயிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அந்த சீட்டில் ஒரு குழி விழுந்திருந்தது. இவர் எப்போதும் கதவுப் பக்கம் சாய்ந்து ஓட்டுவார் அல்லவா, அதனால் குழியும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்த மனிதர், தான் மட்டும் ஒரு நாளும் நேராக உட்கார்ந்ததில்லை.

நான் என் சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி அந்தக் குழியில் வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். பேசமாட்டேன், அழமாட்டேன். சில நாள் அப்படியே தூங்கியும் போயிருக்கிறேன். கடையைத் திறக்கும் நேரம் வந்ததும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவேன். ஜன்னலை இறக்கவே மாட்டேன், வாசனை போய்விடும் என்று. மதியத்துக்காகத்தான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மகள் பயந்துவிடுவாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டர் அந்த சீட்டை விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

இதில் ஒன்றை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. இவர் இருந்திருந்தால் உங்களோடு நின்று கைதட்டியிருப்பார். அந்தச் சட்டத்தைப் பார்த்து, “பாத்தியா, கோடு எப்படி நேரா வந்திருக்கு!” என்று என்னையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அந்த சீட்டைப் புதுசாக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டார். அவருடைய ஆசையைத்தான் நீங்கள் எல்லோரும் நிறைவேற்றியிருக்கிறீர்கள். என் பக்கம் பேச ஆளே இல்லை, அவரும் இல்லை.

சட்டத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீங்களே அன்பாக அனுப்பினீர்கள் என்று சொன்னேன். சங்கத்து அறையில் நடுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அங்கே அதைப் பார்த்து நாலு பேர் சந்தோஷப்படுவார்கள். வண்டியையும் அவர்களே ஊர்வலத்துக்குக் கொண்டுபோகட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். ஓடாமல் நின்றால் அவளுக்கும் நல்லதில்லை. சக்களத்தி என்று கூப்பிட்டேனே தவிர, அவள் மேல் எனக்கு என்ன விரோதம்? இவரைக் கடைசிவரை வைத்திருந்தவள் அவள்தான்.

மதியத்தில் இப்போது கடையைச் சாத்துவதில்லை. வேலை இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் கடைசியில், அடுத்த மாதம் உங்கள் வண்டியின் சீட்டுகளையும் அதே ஆளிடம் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணிகூட ரொம்ப நாளாக மாற்றச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொல்லத்தான் செய்வார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஊரார் பார்த்தால் சிரிப்பார்கள் என்று.

பின் சீட்டைக் கொடுங்கள். அண்ணி உட்காருகிற சீட்டையும் கொடுங்கள். நீங்கள் உட்காருகிற சீட்டை மட்டும் கொடுக்காதீர்கள், அண்ணா. பழைய கார் போட்டியில் மார்க் குறையட்டும். நிறம் ஒத்துப்போகாமல் அசிங்கமாகத் தெரியட்டும். அண்ணி எவ்வளவு சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். யாரையும் அதைத் துடைக்கக்கூட விடாதீர்கள்.

தினமும் அதில் உட்காருங்கள். எங்கும் போகாவிட்டாலும் உட்காருங்கள். நீண்ட காலம் இருந்து அந்தக் குழியை இன்னும் ஆழமாக்குங்கள்.

என்றும் உங்கள் தங்கை