நெஞ்சு வலி வந்தவருக்குப் பேச்சு ஆகாது

நைனா,

இன்று காலை அவித்த மல்லாட்டைக் கடலை மட்டும்தான் நம் வீட்டு வாசலைத் தாண்டியது. எதிர்வீட்டு அக்கா அம்மாவுக்காகக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினார். "நெஞ்சு வலி வந்த பொம்பள. பேச்சு குடுக்காதம்மா." உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

உனக்கும் இப்படித்தான் காவல் போட்டார்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, அதிர்ச்சி ஆகாது என்று சாவுச் செய்திகளை மறைத்தார்கள். சந்தோஷமும் ஆகாதாம், கல்யாணத்துக்கும் விடவில்லை. "மூட்டைய தூக்கிடுவன் மொதலாளி, உன் தொப்பைய யாரு தூக்கறது?" என்று மூட்டை தூக்கிய மார்க்கெட் கமிட்டியையே சிரிக்க வைத்த ஆள் நீ. கொஞ்சம் கொஞ்சமாக வாய் மூடிப்போனாய். "நல்லா ரெஸ்ட் எடுக்கறாரு" என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். சோறு குறைந்தது, தூக்கம் போனது. மாத்திரையை நீட்டினால், "இன்னாத்துக்கு பாப்பா?" என்பாய். பாதி நாள் போடவே மாட்டாய். அந்தக் கார்த்திகையில் மறுபடி வலி வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாய்.

நேற்று அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாத்துக்குடி?" என்றாள்.

பட்டம் வாங்கியும் டாக்டர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று ஆஸ்பத்திரியில் பெரியப்பாதான் பேசினார். "நல்லா இருக்குது மேடம். சத்தமே இல்ல."

சின்ன வயதில் ரேஷன் கடையில் என்னை முன்னால் தள்ளி, "வாயத் தொறந்து கேளு பாப்பா, அரிசி தானா வராது" என்பாயே, அது காதில் விழுந்தது.

"அதான் மேடம் பயமா இருக்குது" என்றேன். "எங்க நைனாவும் இப்படித்தான் இருந்தாரு." சோறு, தூக்கம், சுவர், மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஹார்ட் அட்டாக் வந்தவங்க நெறைய பேருக்கு மன அழுத்தம் வரும்மா. கவனிக்காம விட்டா திரும்ப இதயத்தத்தான் பாதிக்கும். அதுக்கும் வைத்தியம் இருக்கு." மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் பெரியப்பா முறைத்தார். "அவளுக்கு இன்னா பைத்தியமா?"

"இல்ல பெரிப்பா. நெஞ்சுக்குத்தான் காட்றோம்."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் மனநல டாக்டரின் அறைப்பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் நானே போய் எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிவந்து கட்டில் ஓரம் உட்காரவைத்தேன். அம்மா ரொம்பப் பேசவில்லை. ஒரு மல்லாட்டையை உரித்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள்.

நாளைக்கும் "இன்னாத்துக்குடி?" என்று கேட்பாள். கேட்கட்டும், நைனா. வாயைத் திறந்து பதில் சொல்வேன்.