கப்பலில் நீங்கள் தூங்கிய தூக்கம்

அக்கா,

நேற்று தருமபுரி கருவூலத்துக்குப் போயிருந்தேன். நாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் காட்டுவோமே, அந்த ஓய்வூதிய நேர்காணலுக்கு. ஆதார் அட்டையைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தபோது நங்கூரம் படம் போட்ட நீல அட்டை ஒன்று மேசைமேல் விழுந்தது. "இது என்னங்க மேடம், புது பேங்க் கார்டுங்களா?" என்று எழுத்தர் எடுத்துப் பார்த்தார்.

"இல்லைங்க, கப்பல் ரூம் சாவி."

அதில் அச்சாகியிருந்த உங்கள் பெயரை வாசித்துவிட்டு, "இவங்களும் பென்சனருங்களா? இன்னிக்கு வரலீங்களா?" என்றார். போன வருடம் நாம் சேர்ந்துதான் போனோம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த அட்டையை நீங்கள்தான் என்னிடம் கொடுத்தீர்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, பெட்டிக்காக வரிசையில் நின்றபோது. "என்கிட்ட இருந்தா வூட்ல யாராச்சும் பாத்துருவாங்க மல்லிகா. நீயே வெச்சுக்க." அப்போது உங்கள் ரகசியம் வெளியே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உங்களுக்கு அது தெரியாது. அனுப்பியவள் நான்.

காரிமங்கலம் பக்கத்தில் அடுத்தடுத்த துணை சுகாதார நிலையங்களில் இருபத்தாறு வருடம் நாம் செவிலியர்களாக இருந்தோம். இடுப்பு வலி என்று யார் எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டிய வேலை. ஓய்வு பெற்றால் காலை நீட்டிப் படுப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. நல்லபடியாக இருந்த இடது கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் உங்களைக் கூப்பிடுவார். தண்ணீருக்கு ஒரு தட்டல், புரட்டிப் படுக்க வைக்க ஒரு தட்டல், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டல். நான்கு வருடம். முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். ஓசூரில் வேலை பார்த்த உங்கள் மகன் குமரேசன் மாதம் ஒரு தடவை வருவான். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பான். "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன்" என்பீர்கள். அவனும் நம்பிவிட்டுப் போய்விடுவான்.

மாமா போன பிறகும் அந்தச் சத்தம் உங்களை விடவில்லை. "கண்ண மூடுனா டம்ளரு கேக்குது புள்ள. எந்திரிச்சுப் பாத்தா கட்டிலு வெறும்னே கெடக்குது."

ஒன்பதாவது மாதத்தில்தான் நான் கப்பல் பேச்சை எடுத்தேன். சேலத்தில் ஒருவர் ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து, சென்னையில் கிளம்பி மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் கப்பலுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்குத் துணை வேண்டும். உங்களைக் கேட்டேன். "வருசம் திரும்பலியே, கோயிலுக்கே போவக் கூடாதுங்கறாங்க, இதுல கப்பலா?" என்று போனை வைத்துவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து நீங்களே கூப்பிட்டீர்கள்.

"அது வழியில எங்கியாச்சும் நிக்குமா?"

"கடல்ல எங்கீங்க்கா நிக்கும்?"

"போனு எடுக்குமா?"

"நடுக்கடல்ல எடுக்காதாம்."

பிறகு சொன்னீர்கள்: "அப்ப வரேன். பெரியாஸ்பத்திரில எனக்கு ஒரு செக்கப்பு, சென்னைக்குப் போறேன்னு பையன்கிட்ட சொல்லிக்கறேன். நீ மட்டும் போட்டோ கீட்டோ எங்கியும் போட்டுறாத."

"நான் எதுக்குங்க்கா போடறேன்?" என்றேன்.

கப்பலில் ஏறியதும் எனக்கு முதல் ஏமாற்றம் அறைதான். கப்பலின் வயிற்றுக்குள், நீண்ட நடையின் நடுவில், ஜன்னல் இல்லாத அறை. இரண்டு படுக்கை, ஒரு கண்ணாடி. விளக்கை அணைத்தால் சொந்தக் கை தெரியாது. கடல் பார்க்க வந்துவிட்டுச் சுவரையா பார்ப்பது என்று வரவேற்பு மேசைக்கு மூன்று தடவை போய்ச் சண்டை போட்டேன். அங்கே எனக்கு முன்பே ஒரு கூட்டம் நின்றது. ஒருவருக்குச் சாம்பாரில் இனிப்பு. ஒருவருக்கு நீச்சல் குளத்தின் ஓரத்து நாற்காலியைத் துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்களாம். ஒரு அம்மாவுக்கு மாயாஜாலக் காட்சியில் முன்வரிசை கிடைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள எதுவும் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

வேறு அறை கிடைக்காமல் கோபத்தோடு திரும்பி வந்தேன். நீங்கள் புடவைகூட மாற்றாமல் படுத்துவிட்டிருந்தீர்கள். மத்தியானம் மூன்று மணி. சாயங்காலக் காப்பிக்கு எழுப்பினேன், எழவில்லை. சாப்பாட்டுக்கு எழுப்பினேன், "ம்" என்று மட்டும் வந்தது. மறுநாள் நான் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, மேல்தளத்தில் நாலு சுற்று சுற்றி முடித்துத் திரும்பிக் கதவைத் திறந்தபோதுதான் குரல் கேட்டது.

"மணி என்ன?"

"பத்தரைங்க்கா."

"ராத்திரியா?"

"பகல்! நீங்க படுத்து ஒரு நாளாச்சு."

"யாராச்சும் கூப்புட்டாங்களா?"

"யாருங்க்கா கூப்புடுவா இங்க?"

"அப்ப நீ லைட்ட அணைச்சிட்டுப் போ" என்று போர்வையை இழுத்துக்கொண்டீர்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து தனியாகச் சுற்றவா உங்களைக் கூட்டி வந்தேன்? பகல் முழுக்கப் படமெடுத்தேன். சரவிளக்கு, தர்ப்பூசணியில் செதுக்கிய வாத்து, கண்ணாடி மின்தூக்கி. எதையும் பக்கத்தில் நின்று வியப்பதற்கு ஆள் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து விளக்கைப் போட்டேன். "தூங்கறதுக்கா வந்தீங்க? அத வூட்லயே தூங்கியிருக்கலாமே."

கண்களைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "வூட்ல தூக்கம் வரலியே மல்லிகா." அதை நீங்கள் புகாராகச் சொல்லவில்லை. மணி சொல்வதுபோல் சொன்னீர்கள். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் அரக்குப் பட்டுப் புடவையைக் கொடுத்து உடுத்தச் சொன்னேன். என் முகத்துக்காகத்தான் உடுத்தினீர்கள்.

மேல்தளத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் பணியாளர் ஒருவர் உங்கள் தலையில் வைக்கோல் தொப்பி ஒன்றை வைத்தார். நீங்கள் அதை எடுக்கப் போன நேரத்தில், நான் ஆடுகிறேன் பேர்வழி என்று கால் இடறி ஒரு வெள்ளைக்காரர் மேல் சாய்ந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். வாய்விட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்தீர்கள். சமாளித்து நின்றவள் அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். பிறகு ஐந்து நிமிடம்கூட நீங்கள் அங்கே இருக்கவில்லை. "தலை கிறுகிறுங்குது, நான் போயி படுக்கறேன்" என்று இறங்கிவிட்டீர்கள்.

சென்னைக்குத் திரும்பி, துறைமுகத்தில் தொடர்பு வந்ததும் எல்லார் போனும் ஒன்றாக முனகத் தொடங்கியது. நம் பழைய செவிலியர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பேரனின் காது குத்துப் படத்தைப் போட்டிருந்தார்கள். எனக்கும் போட ஒன்று இருந்தது. நான் மட்டும் நிற்கும் படங்களைப் பார்த்தேன், எதிலும் களையே இல்லை. உங்கள் படத்தில்தான் கப்பல் இருந்தது, சிரிப்பு இருந்தது. நமக்குள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுவிட்டேன். மறந்துபோய்ப் போடவில்லை, அக்கா. நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் போட்டேன்.

மொரப்பூருக்கு வரும் ரயிலில், சோலையார்பேட்டை தாண்டியதும் உங்கள் போன் அடித்தது. குமரேசன் குரல் எனக்கே கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வந்துட்டிருக்கேன் கண்ணு."

"ஆஸ்பத்திரில இருந்தா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். "இல்ல கண்ணு, கப்பல்ல இருந்து" என்றீர்கள். அவன் வைத்துவிட்டான். நீங்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு, "போடாதன்னேனே" என்றீர்கள். அவ்வளவுதான். மொரப்பூரில் இறங்கும்போது என் பெட்டியையும் சேர்த்து நீங்கள்தான் பிடித்து இறக்கினீர்கள்.

அவன் கோபம் கப்பல் மேல் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு ஏதோ நோய் என்று மூன்று நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறான். அந்தப் பயத்தின் மேல், குழுவிலிருந்து கைமாறிப் போய் அந்தப் படம் விழுந்தது.

மாமாவின் வருடத் திதிக்கு வந்திருந்தான். உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எள்ளும் தண்ணீரும் வேண்டுமென்றால்கூட அடுத்தவரிடம் கேட்டு வாங்கினான். சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில், கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த உங்கள் நாத்தனார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்கண்ணன் போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள தொப்பி போட்டு ஆட்டம். நல்லாத்தான் துக்கம் கொண்டாடியிருக்குது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கெஞ்சுகிற பார்வை இல்லை. சும்மா பார்த்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆடப் போகலீங்க, தூங்கப் போனாங்க; எழுப்பி இழுத்துட்டுப் போனவ நானு; போட்டோ போட்டதும் நானு. எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. அந்த வரிசையில் என் மகளின் மாமியார் உட்கார்ந்திருந்தார். தாலியறுத்து வருடம் ஆகாதவளைக் கூட்டிக்கொண்டு போனவள் என்று நாளைக்கு என் மகள் பேச்சு கேட்க வேண்டி வருமோ என்று பயம். நான் குனிந்து அடுத்த இலையை விரித்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள், காப்பி குடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முன்னாலேயே குமரேசனுக்கு போன் செய்வீர்கள். மணி அடித்து ஓயும். "வேலையா இருப்பான்" என்று பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். அப்போதாவது அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் நம்பர் என்னிடம் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓட்டினேன்.

காரிமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே சாய்ந்துவிட்டதாக எனக்குப் போன் வந்தது. நான் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கண் திறக்கவில்லை. குமரேசன் வந்து காதோரம் குனிந்து, "அம்மா, நான்தாம்மா வந்துருக்கறேன். பேசும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் விடியலில் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த அன்று பந்தலில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, ஒண்ணு கேக்கட்டுங்களா? கப்பல்ல அம்மா என்ன பண்ணாங்க?"

"தூங்குனாங்கப்பா."

புரியாமல் பார்த்தான். முழுவதையும் சொன்னேன். மூன்று மணிக்குப் படுத்தது, பத்தரைக்கு மணி கேட்டது, யாராவது கூப்பிட்டார்களா என்றது, டம்ளர் சத்தம், நான் எழுப்பியது, அந்த ஐந்து நிமிடம், துறைமுகத்தில் நான் செய்தது. பின்னால் உங்கள் நாத்தனார் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "அன்னிக்கு எலை போடறப்ப உனக்கு வாயில்லாம போச்சா?" என்றார். என் மேல் கோபமா, தன் மேலேயா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குமரேசன் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒரு போனு பண்ணியிருக்கலாமே சித்தி" என்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கூப்பிடுகிறான். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி அங்கேதான் வருவான். "அம்மா தூங்குன போட்டோ எதாச்சும் எடுத்தீங்களா சித்தி?" எடுக்கவில்லை. அந்த மூன்று நாளில் தர்ப்பூசணி வாத்தை மட்டும் எட்டுப் படம் எடுத்திருக்கிறேன். அதனால் வாயால் சொல்கிறேன். குறட்டை விட்டார்களா என்று கேட்பான், லேசாக என்பேன். போர்வை போதுமாக இருந்ததா என்பான், கழுத்து வரைக்கும் என்பேன். சொன்னதையே சொன்னாலும் கேட்டுக்கொள்கிறான். அந்தத் தூக்கத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அக்கா. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

போன வாரம் கேட்டான்: "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாங்க சித்தி?"

சுவரைப் பார்த்தா, என் படுக்கையைப் பார்த்தா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். நான் அப்போது கண்ணாடி முன் நின்று எந்தப் புடவையைக் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியலப்பா" என்றேன். "நான் சரியாப் பாக்கல."